பூசணம் பூத்த பொட்டு

“குமட்டுது,” என்று ஜோஸ்லின் செல்போனை நீட்டினாள். “நீயும் பாரு மாரி.”

ஜோஸ்லினுக்குக் குமட்டினால் வழக்கு சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஏற்காட்டில் துப்பறியும் நிலையம் வைத்திருக்கும் ஒரே ஆள் அவள்தான். அவளுடைய உதவியாளன் மாரிசாமி. முன்பு சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போதும் ஜீப்தான் ஓட்டுகிறான். ஆனால் விசிட்டிங் கார்டில் ‘துணைத் துப்பறிவாளர்’ என்று அச்சாகியிருப்பதால், மாமியார் வீட்டில் நாற்காலி போடுகிறார்கள்.

மாரிசாமி ஜீப்பை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தான். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீடியோ. ஒரு கம்ப்யூட்டர் மூடி கழன்று கிடந்தது. உள்ளே கேம் விளையாடுவதற்கான கிராபிக்ஸ் கார்டு. அதன் மேல் தூசி கம்பளிப் போர்வைபோல் படிந்திருந்தது. விசிறி இறக்கைகளுக்கு நடுவே ஒரு பல்லி செத்து, காய்ந்து, வாயைத் திறந்தபடி மாரிசாமியையே பார்த்தது. வீடியோவுக்குக் கீழே எழுத்து: ‘புதுசுன்னு சொல்லிக் குடுத்தது இது. புவனா கம்ப்யூட்டர்ஸ் பக்கம் யாரும் போகாதீங்க. திருடி.’

“இந்தப் பல்லி தனியா வாங்கணுங்களா மேடம், கார்டோட சேந்தே வருமா?” என்றான் மாரிசாமி.

பின் சீட்டிலிருந்து சிரிப்பு வரவில்லை. அங்கே புவனா உட்கார்ந்திருந்தாள். கடைவீதியில் சின்னதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவள். ஸ்வெட்டர் கையை இழுத்து இழுத்து அதன் நூல் பிரிந்துகொண்டிருந்தது. மாரிசாமி தன் நாக்கை மனத்துக்குள் ஒரு அறை அறைந்தான்.

“காலைல இருந்து ரிப்பேருக்குக் குடுத்த லேப்டாப்ப எல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போறாங்கக்கா,” என்றாள் புவனா. “ஒருத்தர் என் முன்னாலயே கழட்டிப் பாத்துட்டு வாங்கிட்டுப் போறாரு. உள்ள எல்லாம் இருக்குதான்னு.”

“கான்வென்ட் என்ன சொல்லுது?”

“லேப்புக்குக் கம்ப்யூட்டர் போடற வேலை யாருக்குன்னு இன்னிக்குச் சாயங்காலம் முடிவு பண்றாங்க. எனக்குத்தான்னு இருந்துச்சு. சிஸ்டர் போன் பண்ணி, ‘இதுக்கு ஒரு பதிலோட வாம்மா, இல்லாட்டி வர வேண்டாம்’னு சொல்லிப்போட்டாங்க.” குரல் உடைந்தது. “லேப் போனாக்கூடப் போவுதுங்க. திருடின்னு பேரு வந்தப்புறம் எவனுங்க கடைக்கு வருவான்?”

ஜோஸ்லின் திரும்பி உட்கார்ந்தாள். “வீடியோ போட்ட அந்த ரஞ்சித்துக்கு நீ என்னென்ன போட்டுக் குடுத்தே? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. மாரிக்குப் புரியாட்டிப் பரவாயில்ல.”

“அவருக்கு ஹால்ல டிவிக்குக் கீழ வெக்கணும்னாருங்க. ஒண்ணுலயே சினிமாவும் பாக்கணும், கேமும் ஆடணும்னாரு. அதனால உசரமான கேபினெட் வேண்டாம்னு தட்டையாப் படுக்கிற மாதிரி எடுத்தேன். அதுக்குள்ள நீளக் கார்டு நிக்காது. கட்டையான கார்டாத் தேடி நொம்ப அலைஞ்சேன். விசிறி எல்லாம் பெருசா, மெதுவாச் சுத்தற மாதிரி போட்டேன்.”

“ஏன்?”

“சினிமால ஒருத்தங்க அழுதுட்டு இருக்கறப்ப கம்ப்யூட்டர் பெருமூச்சு விடக் கூடாதுங்களே.” சொன்னபோது அவள் முகத்தில் அன்றைய முதல் வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தது. “அவ்வளவு யோசிச்சுப் போட்டேங்க. இந்த வீடியோல இருக்கறதும் அதே கேபினெட்தான். ஆனா அந்தக் கார்டு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலீங்க.”

மாரிசாமி ஜீப்பைக் கிளப்பினான். மாரமங்கலம் ரோட்டில் மூடுபனி இறங்கி, வளைவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

ரஞ்சித் வீட்டு கேட்டில் ஜீப் நின்றதுமே உள்ளேயிருந்து அவர் சத்தம் வந்தது. “அந்தம்மா உள்ள வரக் கூடாது! என்ற ஊட்டுல இருக்கற மிச்சச் சாமானத்தையும் எண்ணி வெச்சிருக்கேன்!”

புவனா பாதி இறக்கிய காலை மறுபடி ஜீப்புக்குள் எடுத்துக்கொண்டாள். ஜோஸ்லினின் மூக்கு நுனி சுருங்கியதை மாரிசாமி பார்த்தான். அந்த மூக்குக்கு மனிதர்களும் நாறுவார்கள்.

உள்ளே போனதும் மாரிசாமிக்கும் மூக்கு இருப்பது ஞாபகம் வந்தது. ஈரத்துக்குப் பயந்து ஜன்னல்களை மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே திறக்கவில்லை போலிருக்கிறது. தரைக் கம்பளத்தில் கால் வைத்தால் ஊறின பன்னில் கால் வைத்த மாதிரி இருந்தது. சோபாவுக்குக் கீழே ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில். அதில் பீடித் துண்டுகள் நீந்தின. டீப்பாய் மேல் கிடந்த ஜாய்ஸ்டிக், பஜ்ஜி எண்ணெயில் புது மணப்பெண் மாதிரி மின்னியது. ரஞ்சித் குரங்குக் குல்லாவும், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பனியனும் போட்டிருந்தார். இந்த ஹாலைக் காட்டித்தான் அவர் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறார் என்பது மாரிசாமிக்கு மலையின் மீதே வெறுப்பை உண்டாக்கியது.

“உக்காருங்க மேடம்,” என்றார் ரஞ்சித்.

ஜோஸ்லின் சோபாவைப் பார்த்தாள். “நிக்கறேன்.”

சோபாவில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மடியில் தட்டு, தட்டில் கறிக்குழம்பு. அடிக்கடி விரலை நக்கி, அந்த விரலையே மெத்தையின் அடிப்பக்கம் துடைத்துக்கொண்டார். “என்ற மச்சான் சிவக்குமார்,” என்று ரஞ்சித் அறிமுகம் செய்தார். “கலாவுக்கு அண்ணன். சேலத்துல பெரிய கம்ப்யூட்டர் கடைங்க.”

சிவக்குமார் எலும்பை உறிஞ்சியபடியே வணக்கம் வைத்தார். கலா சமையலறைக் கதவில் நின்றாள். கையில் துடைக்கும் துணி. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அந்த வீட்டுக்காரியே திகைத்து நிற்பதுபோல் இருந்தது.

“புகாரைக் கேக்கத்தான் வந்தேங்க,” என்றாள் ஜோஸ்லின். “மெஷின் என்ன பண்ணுது?”

“படம் பாத்தா வெண்ணெயாட்டம் ஓடுதுங்க. கேம் போட்டா திக்குது. கார் ஓட்டறேன், சேலம் டவுன்ல டிராபிக்ல மாட்டுன பஸ்ஸாட்டம் நின்னு நின்னு போவுது! கிராபிக்ஸ் கார்டு நல்லா இருந்தா இப்படியா போவும்? பழசப் போட்டு என்ற தலைல கட்டிட்டா.”

“பழசுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“மச்சான் தொறந்து பாத்தாரு. வீடியோவும் எடுத்து அனுப்புனாரு. நான் குரூப்புல போட்டேன்.” அதில் ஒரு பெருமை. “ஊரு நல்லதுக்குத்தானுங்க.”

மாரிசாமி டிவிக்குக் கீழே குனிந்தான். டிவிடி பிளேயருக்கு அண்ணன் மாதிரி தட்டையாக, கறுப்பாக அந்தக் கம்ப்யூட்டர் படுத்திருந்தது. அதன் நாலு மூலையிலும் என்னவோ பச்சையாக, ரோமம் முளைத்து, நாலு குட்டிக் கம்பளிப்பூச்சி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. ‘உசிரோட இருக்குமோ?’ என்று விரலை நீட்டினான்.

பட்டென்று அந்த விரலில் ஓர் அடி விழுந்தது. “தொடாதே,” என்றாள் ஜோஸ்லின்.

“மேடம், நான் நம்ம ஆளு.”

“உன் விரலை எனக்குத் தெரியும்.” அவள் முட்டி போட்டு, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அந்தப் பச்சையை வெகுநேரம் பார்த்தாள். காதலனின் கடிதத்தைப் படிப்பதுபோல் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் முகம், சாம்பாரில் கரப்பானைப் பார்த்த முகம். பிறகு எழுந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் செல்போனில் வீடியோவை ஓட விட்டாள்.

“கலா, இங்க வாங்க கண்ணு. இத கொஞ்சம் பாருங்க.”

“அந்தப் பல்லிய மறுபடியும் பாக்க முடியாதுங்க,” என்றாள் கலா.

“பல்லிய உடுங்க. மேல நிழல் போவுது பாருங்க. போவுது, வருது, போவுது, வருது. என்னது அது?”

கலா கண்ணை இடுக்கினாள். “ஃபேனாட்டம் இருக்குதுங்க. சீலிங் ஃபேன் நிழலு.”

“உங்க ஹால்ல ஃபேன் எங்க இருக்குது?”

எல்லோரும் மேலே பார்த்தார்கள். கூரையில் ஒட்டடை தொங்கியது. ஃபேன் மாட்டும் கொக்கிகூட இல்லை.

“எங்க ஊட்டுல ஃபேன் ஏதுங்க?” என்றாள் கலா. “இந்தக் குளுருல ஃபேன் போட்டா வெறச்சே செத்துப் போவோம்.”

ரஞ்சித் குல்லாவைத் தூக்கி நெற்றியைச் சொறிந்தார். அந்தக் கேள்வி அவருக்கு இதுவரை வந்ததே இல்லை என்பது அந்தச் சொறிதலில் தெரிந்தது. சிவக்குமார் எலும்பைத் தட்டில் வைத்தார். ஆனால் ஆள் அசரவில்லை.

“இதென்னுங்க பெரிய துப்பு? மாப்ளையும் கலாவும் கோயிலுக்குப் போயிருந்தாங்க. மெஷின என்ற கார்ல சேலத்துக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் எல்லாம் அங்கதான இருக்குது? அங்க தொறந்து, வீடியோ எடுத்து, மூடிக் கொண்டாந்து வெச்சுட்டேன். கடைல ஃபேன் சுத்துதுங்க. தப்பா?”

“தப்பே இல்லீங்க,” என்றாள் ஜோஸ்லின். மாரிசாமி ஜீப் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான், வழக்கு போச்சு. வெளியே ஜீப்பில் இருப்பவளிடம் எந்த முகத்தோடு போவது என்று யோசித்தான். தன்னிடம் இருப்பது ஒரே முகம், அதுவும் ஷேவ் செய்யாதது.

“அப்ப நல்லாத் தொறந்து பாத்தீங்க?”

“பின்ன? ரெண்டு கையாலயும் தூக்கித்தான் தொறந்தேன்.”

“கலா, மூலைல பச்சையா இருக்குதே, அதென்ன?”

கலாவுக்கு வெட்கமாகிவிட்டது. “பொட்டுங்க. சந்தனமும் குங்குமமும். மெஷின் வந்தன்னிக்குப் பூசை போட்டப்ப நாந்தான் வெச்சேன். தொடைக்கோணும் தொடைக்கோணும்னு இருந்தேன். இந்த மழைல பூசணம் பூத்துப்போச்சு.”

“மூலைல எதுக்கு வெச்சீங்க? நடுவுலதான வெப்பாங்க?”

“எங்கம்மா ஊட்டுப் பழக்கம்ங்க. பீரோ வாங்குனாலும் கதவு ரெண்டும் சேர்ற எடத்துலதான் வெப்போம். மூடி மேல பாதி, கீழ பாதி. சாமானம் பிரியாம ஒண்ணா இருக்கோணும்னு. எங்கண்ணனுக்கே தெரியுமே…”

கலா பாதியில் நிறுத்தினாள். துடைக்கும் துணி அவள் கையில் முறுக்கிக்கொண்டது.

“மாரி, டார்ச் அடி.”

மாரிசாமி அடித்தான். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்த கோட்டை, நாலு மூலையிலும் பூசணம் தாண்டிப் போயிருந்தது. மேலே பாதி, கீழே பாதி, நடுவில் ஒரு இழைகூட அறுபடாமல் வெள்ளையும் பச்சையுமாகப் பின்னியிருந்தது. எந்தக் கோர்ட்டு அரக்கு முத்திரைக்கும் இத்தனை ரோமம் இருக்காது.

“மூடியத் தூக்கியிருந்தா இது அறுந்திருக்கும்,” என்றாள் ஜோஸ்லின். “அறுந்த பூசணத்த ஒட்ட வெக்கற பசை இன்னும் வரலீங்க. பூசை போட்ட நாள்ல இருந்து இத யாரும் தொறக்கவே இல்ல. சேலத்துலயும் இல்ல, இங்கயும் இல்ல. உங்க வீடியோல இருக்கறது வேற மெஷினு. அந்தப் பல்லியும் வேற கடைப் பல்லி.”

தூரத்தில் ஏதோ ஒரு பஸ் கியர் மாற்றி ஏறியது.

“மச்சான்?” என்றார் ரஞ்சித், மெதுவாக.

சிவக்குமார் சிரித்தார். பல்லில் கறிவேப்பிலை. “சரிங்க. தொறக்கல. கடைல இருந்த இதே மாதிரி ஒரு மெஷினத்தான் எடுத்தேன். மாப்ளைக்குப் புரியட்டும்னு ஒரு மாதிரிக்குக் காட்டுனேன். அதனால அந்தப் பொம்பள யோக்கியம்னு ஆயிடுமா?” அவர் விரலை மறுபடி மெத்தையில் துடைத்தார். “மேடம், நீங்களே சொல்லிட்டீங்க, யாரும் தொறக்கலேன்னு. அப்ப உள்ள என்ன இருக்குதோ அது அவ வெச்சதுதான? கேம் திக்குதா இல்லியா? பழசத்தான் வெச்சிருக்கா. உங்க பூசணமே என்ற கட்சிக்குச் சாட்சி!”

ரஞ்சித்தின் முகம் உடனே மலர்ந்தது. “அதானே! திக்குதே!”

மாரிசாமி ஜோஸ்லினைப் பார்த்தான். அவள் நெற்றியில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அது அவன் பார்க்க விரும்பாத மடிப்பு. பூசணம் கத்திதான். ஆனால் பிடியில்லாத கத்தி. எந்தப் பக்கம் பிடித்தாலும் கிழிக்கிறது.

“நீங்க இன்னிக்கு ஏன் மலைக்கு வந்தீங்க?” என்றாள் ஜோஸ்லின் சிவக்குமாரிடம், வேறெதையோ யோசித்துக்கொண்டு.

பதில் கலாவிடமிருந்து வந்தது. “கான்வென்ட்டுல லேப் விஷயமாப் பேச வந்திருக்காருங்க. புவனாவுக்குக் குடுக்கலேன்னா அண்ணனுக்குத்தான்…” இந்த முறை அவள் நிறுத்தவில்லை, வாக்கியம்தான் தானாக நின்றது. அவள் அண்ணனைப் பார்த்த பார்வையில், இவ்வளவு நாள் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று பெயர்ந்தது.

“வியாபாரம்னா நாலு பேரு போட்டி போடத்தான் செய்வாங்க,” என்றார் சிவக்குமார்.

“மாரி,” என்றாள் ஜோஸ்லின். “பின்னாடி கைய உட்டு ஒயரெல்லாம் எங்க எங்க போவுதுன்னு பாரு.”

துணைத் துப்பறிவாளர் வேலை எப்போதும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. மாரிசாமி குப்புறப் படுத்து, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டான். ஈரமாக, மெத்தென்று, எதுவோ விரலுக்குள் வந்தது. கத்தாமல் இருந்ததற்கு ஒரே காரணம், வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. வெளியே இழுத்தான். பாதி கடித்த முட்டை பப்ஸ். அதற்கும் தாடி முளைத்திருந்தது. எறும்புகள் அதில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

“அது போன வாரத்தது,” என்றார் ரஞ்சித், யாரோ வயதைக் கேட்டதுபோல.

“இதுக்கும் பொட்டு வெச்சிருக்கலாமுங்க,” என்று மாரிசாமி அதைக் கலா நீட்டிய பேப்பரில் போட்டான். மறுபடி படுத்து டார்ச் அடித்தான். “மேடம், டிவி ஒயர் மெஷினுக்கு இடது பக்கம் ஒரு துளைல சொருகியிருக்குது. வலது பக்கமும் அதே மாதிரி துளைங்க இருக்குது. ஆனா அதுல எல்லாம் கறுப்பு ரப்பர் மூடி போட்டிருக்குது. பாப்பாவுக்குக் காது குத்தாம வெச்ச மாதிரி.”

ஜோஸ்லின் நெற்றி மடிப்பு மெல்ல விலகியது. அவள் சிவக்குமார் பக்கம் திரும்பினாள். குரலில் இப்போது மரியாதை வழிந்தது. மாரிசாமிக்கு அந்தக் குரல் தெரியும். மீனுக்குப் போடும் புழு அது.

“ஏனுங்க, நீங்க பெரிய கடை வெச்சிருக்கறவரு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ரப்பர் மூடி எதுக்குங்க?”

சிவக்குமாருக்கு இது பிடித்திருந்தது. தட்டை ஓரமாக வைத்தார். “அது ஒண்ணுமில்லீங்க. வலது பக்கம் இருக்கறது கிராபிக்ஸ் கார்டோட துளைங்க. தூசி போவாம இருக்க மூடி போட்டிருப்பாங்க. புதுக் கார்டு கம்பெனில இருந்து வர்றப்ப அப்படித்தான் வரும்.”

“என்ன கார்டுங்க?”

“புதுக்…”

சிவக்குமாரின் வாய் திறந்தபடியே நின்றது. வீடியோவில் இருந்த பல்லியின் ஜாடை அப்படியே வந்துவிட்டது.

“இடது பக்கம் இருக்கறது?” ஜோஸ்லின் விடவில்லை. “சொல்லுங்க. கடைக்காரரு நீங்க.”

“அது… மதர்போர்டு துளை, கார்டோட சேராதது.”

“டிவி ஒயர அதுல சொருகுனா?”

சிவக்குமார் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“நானே சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. அதுல சொருகுனா கிராபிக்ஸ் கார்டு வேலையே செய்யாது, சும்மா உக்காந்திருக்கும். படம் ஓடும். கேம் திக்கும். சரிங்களா?” அவள் ரஞ்சித்திடம் திரும்பினாள். “மெஷின் வந்தன்னிக்கு ஒயரெல்லாம் யாரு மாட்டுனது?”

“புவனா மாட்டறேன்னுதான் நின்னுச்சுங்க. பூசை போட்டுட்டு நாங்களே மாட்டிக்கறோம், மச்சான் வர்றாருன்னு நாந்தான் அனுப்பிட்டேன்.” ரஞ்சித் விழுங்கினார். “மச்சாந்தான் மாட்டுனாரு.”

ஜோஸ்லின் சிவக்குமாருக்கு நேரே வந்து நின்றாள். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

“சிவக்குமார், ஒரே ஒரு கேள்வி. புதுக் கார்டு அந்தப் பக்கம் இருக்கறது தெரிஞ்சும் ஒயர இந்தப் பக்கம் சொருகுனீங்களா, தெரியாமச் சொருகுனீங்களா? தெரிஞ்சு சொருகியிருந்தா, சொந்தத் தங்கச்சி ஊட்டுக்காரரையே ஏமாத்தி ஒரு பொம்பள பொழப்புல மண்ணப் போட்டிருக்கீங்க. தெரியாமச் சொருகியிருந்தா, ஒரு டிவிக்கு ஒயர் மாட்டத் தெரியாத ஆளு, பள்ளிக்கூடத்துக்கு லேப் போடப் போறீங்க. எதுன்னு சொல்லுங்க. சிஸ்டர்கிட்ட நான் அப்படியே சொல்லிடறேன்.”

மாரிசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டான். அது அந்த ஹாலில் எப்படியும் நல்ல யோசனைதான்.

சிவக்குமார் தங்கையைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார், சாவு வீட்டில் நிற்பவர்போல.

“தெரியாமத்தானுங்க,” என்றார் சிவக்குமார் கடைசியில்.

பொய். எல்லோருக்கும் தெரிந்த பொய். ஆனால் இரண்டு அசிங்கத்தில் எது தன் உடம்புக்குச் சரியாக இருக்கும் என்று போட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டார். அதைப் பார்ப்பதற்கு முட்டை பப்ஸே தேவலாம் என்று மாரிசாமிக்குத் தோன்றியது.

“தட்ட எடுத்துட்டு எந்திரிங்கண்ணா,” என்றாள் கலா. “கை கழுவற எடம் பின்னாடி இருக்குது. அப்படியே பின்கதவு வழியா கெளம்பிடுங்க.”

அவள் யாரிடமும் கேட்காமல் வாசலுக்குப் போனாள். மூடுபனிக்குள் அவள் குரல் கேட்டது. “உள்ள வாங்க புவனா. என்ற ஊடுதான் இது. நான் கூப்புடறேன், வாங்க.”

புவனா வாசற்படியில் ஒரு நொடி நின்றாள். செருப்பைக் கழற்றலாமா என்று கம்பளத்தைப் பார்த்தாள், கழற்றாமலே வந்தாள். மாரிசாமி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான். அவள் டிவிக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு ரப்பர் மூடியைப் பிடுங்கி, ஒயரை இடது பக்கத்திலிருந்து எடுத்து வலது பக்கம் செருகினாள். அவ்வளவுதான் வேலை. ஒரு கொட்டாவி விடும் நேரம். ஒரு பெண்ணைத் திருடியாக்க எடுத்துக்கொண்ட உழைப்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

டிவியில் ரேஸ் கார் உறுமியது. ரோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு திக்கல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

“அட!” என்றார் ரஞ்சித். குல்லா எங்கோ விழுந்தது. கை தானாக ஜாய்ஸ்டிக்கை எடுத்தது. “அட அட அட! பாருங்க, மழைத்தண்ணி ரோட்டுல தெறிக்கறதுகூடத் தெரியுது! யப்பா, அந்த வளைவப் பாருங்க!” அவர் உடம்பு காரோடு சேர்ந்து இடமும் வலமும் சாய்ந்தது. புவனா அங்கே நிற்பது அவருக்கு மறந்தே போயிற்று.

ஜோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டாள். “மாரி, போலாம். இதுக்கு மேல நின்னா மத்தியானம் சாப்பிட்டது உள்ள நிக்காது.”

டப் என்று எல்லாம் அணைந்தது. கலா சுவரில் இருந்த சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள்.

“ஏனுங்க,” என்றாள். “ஒருத்தங்க நிக்கறாங்க.”

ரஞ்சித் ஜாய்ஸ்டிக்கை வைத்தார். எழுந்தார். பனியனில் கையைத் துடைத்துக்கொண்டார். அதனால் கை இன்னும் அழுக்கானது. “புவனா… தப்பா நெனச்சுப்போட்டேன். மன்னிச்சுக்கோம்மா.”

“எங்கிட்டச் சொல்லாதீங்க,” என்றாள் புவனா. அன்றைக்கு முதல்முறையாக அவள் குரல் உடையவில்லை. “எங்கிட்டத் தனியாவா திருடின்னு சொன்னீங்க? குரூப்புல சொன்னீங்க. அங்க போயிச் சொல்லுங்க.”

ரஞ்சித் செல்போனை எடுத்து, குரல் பதிவை அழுத்தினார். “ஏற்காட்டு மக்களே, ஒரு சின்ன டெக்னிக்கல் தகராறு…” கலா அதை வாங்கி அழித்தாள். மறுபடி ஆரம்பித்தார். “நானும் ஏமாந்துட்டேன், என்ற நல்ல மனசப் பயன்படுத்தி…” அதையும் அழித்தாள். அடுத்ததில் அவர் தரையைப் பார்த்தபடி பேசினார். “நாந்தான் ரஞ்சித் பேசறேன். புவனா குடுத்தது புதுச் சாமானம். நல்ல சாமானம். நான் போட்ட வீடியோ அந்த மெஷினே இல்ல. மெஷினத் தொறந்துகூடப் பாக்காம ஒருத்தரத் திருடின்னு சொல்லிட்டேன். தப்பு என்ற மேலதான்.” கலா தலையாட்டினாள். பதிவு குரூப்புக்குப் போயிற்று.

வெளியே வந்து மாரிசாமி நெஞ்சு நிறையப் பனியை இழுத்தான். பப்ஸைத் தொட்ட கையை வேலியில் இருந்த மிளகுக்கொடி இலையில் தேய்த்தான். அந்த விரலை இனி கல்யாணத்துக்கு மோதிரம் மாட்டக்கூட நீட்ட முடியாது. நல்லவேளை, கல்யாணம் முன்னமே முடிந்துவிட்டது.

ஜீப் இறங்க ஆரம்பித்தது. எஞ்சின் சத்தம் வழக்கம்போல் காதைக் கிழித்தது. பாதி வழியில் பின் சீட்டில் போன் அடித்தது.

புவனா திரையைப் பார்த்தாள். எடுக்கவில்லை. விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே நின்றது. மறுபடி அடித்தது.

“சிஸ்டரா?” என்றாள் ஜோஸ்லின்.

புவனா தலையை மட்டும் அசைத்தாள்.

ஜோஸ்லின் மாரிசாமியின் தோளைத் தொட்டாள். அவன் ஒரு நகைச்சுவைகூடச் சொல்லாமல் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தான். சவுக்கு மரங்களில் இருந்து பனி சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“சொல்லுங்க சிஸ்டர்,” என்றாள் புவனா. வெகுநேரம் கேட்டாள். பிறகு ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “வர்றேங்க சிஸ்டர்,” என்றாள். “இப்பவே வர்றேன். லேப் ரூம் ஜன்னல மட்டும் கொஞ்சம் தொறந்து வெக்கச் சொல்லுங்க, பூசணம் புடிக்காம இருக்கட்டும்.”